சிவப்பு ரவிக்கை

எட்டாவதோடு ஊரைவிட்டுக் கிளம்பி எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டேன். எந்த ஊர்க் கடையில் பீங்கான் பொம்மையைப் பார்த்தாலும் அதன் உடுப்பைத்தான் முதலில் பார்ப்பேன். அது பெரியம்மாவால் வந்த பழக்கம்.

அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்குப் பிழைக்கப் போயிருந்தார்கள். நான் மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். பெரியம்மா ஏதோ பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்து, பீங்கான் மண்ணை அச்சில் ஊற்றிச் சுட்டு, நிறம் தீட்டி மறுபடி சுட்டு, பழைய காலத்து ராஜா ராணி பொம்மைகள் செய்வார். தையல் கடையில் மிஞ்சிய துண்டுகள்தான் அவர்களுக்குப் பட்டு.

“ராணிக்கு ஜரிகை, எனக்குக் கிழிஞ்ச கைலியா?” என்பார் பெரியப்பா.

“நீங்களும் அவளாட்டம் வாயத் தொறக்காம நில்லுங்க, தச்சுத் தாரேன்.”

நான் நாலாவது படித்த வருடம் மதுரைக்குள்ளிருந்து ஒருவர் கண்காட்சிக்குப் பொம்மைகள் கேட்டார். பிடித்துப்போனால் தொடர்ந்து வேலை தருவதாகவும் சொன்னார். பெரியம்மா சித்தாள் வேலையை விட்டுவிட்டு இதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொம்மைகளை வாங்க வந்த அன்று அவர் ராஜாவின் தலைப்பாகையை மெச்சினார். நாற்று நடுகிற பெண் பொம்மையைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார்.

“சிவப்பா ரவிக்கை வரைஞ்சிருக்கீங்களே! அந்தக் காலத்துல இவங்க ரவிக்கை போடலம்மா.”

“போடலையா, போட விடலையா சார்?”

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. “பொம்மைக்கு ரெண்டும் ஒண்ணுதான். அழிச்சிருங்க.”

“சுட்டாச்சு சார். சொரண்டுனாலும் போகாது.”

“அப்ப வேற ஒண்ணு செஞ்சு குடுங்க.”

“செஞ்சா அவளும் ரவிக்கையோடதான் வருவா.”

மற்ற பொம்மைகளை எடுத்துக்கொண்டு, போன் செய்வதாகச் சொல்லிப் போனார். செய்யவில்லை. நடவுக்காரி எங்கள் டிவிமேல் நின்றாள். பெரியம்மா மறுபடி சிமெண்டுச் சட்டி தூக்கப் போனார்.

எனக்குக் கோபம். “ஒரு ரவிக்கைக்காகவா?” என்று கேட்டேன்.

பெரியம்மா தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தார். “சட்டையக் கழட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வாடா, சொல்றேன்.”

உடனே கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். ஸ்டாப்பில் நின்றவர்கள் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு வாங்க வந்து சொன்னேன்:

“போயிட்டு வந்துட்டேன் பெரியம்மா. இதுல என்ன இருக்கு?”