கிடாருக்குக் கரண்ட் உண்டு, பறைக்கு நெருப்பு இல்லை: ஒரு காஞ்சன்பாக் பயணம்

போன வாரம் ஓர் இளைஞர் குழு எனக்கு போன் செய்தது. ஹைதராபாத்தில் கச்சேரியாம். நாட்டுப்புறப் பாட்டை டிரம்ஸ், கிடாரோடு சேர்த்து வாசிக்கிற பிள்ளைகள். எப்படிப் போவது, என்னென்ன கொண்டு போவது என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்த எனக்குப் பாதியிலேயே கோபம் வந்துவிட்டது. பாவம், பிள்ளைகள் பயந்துபோய் போனை வைத்துவிட்டார்கள். அவர்களுக்கும் அவர்களைப் போல வாத்தியத்தோடு கிளம்பப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பயணம் எண்பத்தாறோ எண்பத்தேழோ, ஒரு பொங்கல் சமயம். திண்டுக்கல்லில் நாங்கள் மூன்று பேர். நான் கிடார்; பிழைப்புக்கு ரேடியோ ரிப்பேர். ஸ்டெல்லா, சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துப் பழகி கீபோர்டுக்கு வந்தவள், பாட்டும் அவள்தான். செல்லையா பறை. தபால் ஆபீசில் கிளார்க். எங்கள் மூவரில் பட்டம் வாங்கிய ஒரே ஆள், அதை அடிக்கடி ஞாபகப்படுத்தவும் செய்வான். நடவுப் பாட்டு, கும்மி, தெம்மாங்கு என்று எது கிடைத்தாலும் கரண்ட் கிடாரோடு சேர்த்து வாசிப்போம். திருவிழாக்காரர்கள் "என்னப்பா இங்கிலீஷ் பாட்டு மாதிரி இருக்கு" என்பார்கள். காலேஜ்காரர்கள் "பட்டிக்காட்டு மேளமா இருக்கே" என்பார்கள். ரெண்டு பக்கமும் இடி வாங்கினாலும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் பதிந்த கேசட் ஒன்று எப்படியோ ஹைதராபாத் பக்கம் காஞ்சன்பாக்கில் ஒரு குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அரசாங்கத் தொழிற்சாலை வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. அவர்கள் நடத்தும் சங்கத்தின் செயலாளர் எங்களுக்கு டிரங்க் கால் போட்டார். "அந்த ரிதம் இருக்கே சார், அதுதான் ஹைலைட்! என் பொண்ணு அதுக்குத்தான் டான்ஸ் ஆடறா. அவசியம் வரணும்." சங்கத்தின் பெயரையும் அவர் பெயரையும் எழுதப் போவதில்லை. அந்த மாதிரி ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார், ஒருவரை மட்டும் மாட்டிவிட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ராத்திரி வண்டி பிடித்து எழும்பூர், பகல் முழுக்க சென்ட்ரலில் காத்திருப்பு, சாயங்காலம் ஹைதராபாத் வண்டி. இரண்டாம் வகுப்பில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டோம். பறையை மட்டும் செல்லையா போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தான். மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் நாம்பள்ளி ஸ்டேஷனில் இறங்கினோம். மேகமூட்டம், சன்னத் தூறல், நல்ல குளிர்.

காஞ்சன்பாக் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். சாமான் இருந்ததால் இரண்டு ஆட்டோ, வண்டிக்கு இருபது ரூபாய். நானும் செல்லையாவும் ஏறிய ஆட்டோக்காரர் போர்வைக்குள் இருந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். "மர்ஃபா ஹை கியா, சாப்?" மர்ஃபா அந்த ஊர்க் கல்யாண மேளம். செல்லையா தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை, அந்த ஊர் 'ஆமாம்'ஐ, எடுத்து விட்டான்: "ஹவ், ஹவ்." மலக்பேட் தாண்டி வண்டி நின்ற இடத்தில் மனுஷன் வாசிக்கச் சொல்லி அடம்பிடித்தார். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோய் தொப் தொப்பென்றுதான் சத்தம் வந்தது. அதற்கே ஹேண்டில்பாரில் தாளம் போட்டார்.

செயலாளர் வாசலிலேயே நின்று வரவேற்றார். காப்பி, இட்லி, உபசாரம் எல்லாம் குறையில்லை. அவர் பெண் ஓடி வந்து, "அங்கிள், கேசட் மே ஜோ டிரம் ஹை, வோ கஹான்?" என்றாள், கேசட்டில் கேட்கிற டிரம் எங்கே என்று. அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இந்தியிலோ தெலுங்கிலோ வரும். செல்லையா சிரித்துக்கொண்டே போர்வையைப் பிரித்தான்.

செயலாளர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். "இதா சார் அது? நான் ஏதோ செண்டை மாதிரின்னு நினைச்சேன்." பெண்ணை உள்ளே போகச் சொன்னார். என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "தப்பா எடுத்துக்காதீங்க. மங்களகரமான ஃபங்ஷன். இது சாவு வீட்டுல... உங்களுக்குத் தெரியாததா? கீபோர்டுலயே ரிதம் பட்டன் இருக்காமே, அதைப் போட்டு ஒப்பேத்திடுங்களேன்."

கேட்டீர்களா? ஒரு வருஷமாக வீட்டில் வைத்துத் தேயத் தேயக் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். பெண் ஆடியதும் அதற்குத்தான். கண்ணால் பார்த்ததும் தீட்டாகிவிட்டது! காது செய்த பாவத்துக்கு என்ன பரிகாரம் செய்தாரோ தெரியவில்லை. எனக்கு அப்போதே அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

செல்லையாவிடம் சொன்னேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மூணு பேருன்னு சொல்லிக் கூப்பிட்டாங்க. மூணு பேரும் ஏறுவோம், இல்லேன்னா மூணு பேரும் ரயில் ஏறுவோம்" என்றான். ஸ்டெல்லா கீபோர்டை மறுபடி பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். குவார்ட்டர்ஸ் முழுக்க அழைப்பு கொடுத்தாகிவிட்டது, செயலாளரால் எங்களை அனுப்பவும் முடியாது. கடைசியில், "சரி, அதையும் அடிச்சுக்குங்க" என்று முனகினார்.

ஆனால் பறையை அப்படியே அடிக்க முடியாது. தோல் இறுக வேண்டும். வெயில் இருந்தால் வெயில் போதும். அன்று வெயிலே இல்லை, நெருப்பில் காட்டியே ஆக வேண்டும். மேடைப் பந்தலுக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோல் கொளுத்திக்கொள்ளலாமா என்று கேட்டதும் செயலாளருக்குப் புது உயிர் வந்தது. "நெருப்பா! இது டிஃபென்ஸ் ஏரியா சார். தீக்குச்சி கிழிக்கக் கூடாது. ரூல்ஸ்." அவர் இதைச் சொல்லும்போது பொங்கல் பானைப் புகை எங்கள் இரண்டு பேர் மூக்கிலும் ஏறிக்கொண்டிருந்தது. பந்தலுக்குப் பின்னால் மூன்று கல் அடுப்புகள் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தன. என் கிடாருக்கு மட்டும் தனி லைன் இழுத்து, ஸ்விட்ச் போர்டு வைத்து, ஆளும் போட்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர் எரிகிற அடுப்பையே மறைக்கப் பார்த்தார்.

சமையலுக்கு வந்திருந்தவர் சரோஜாக்கா. பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே செகந்திராபாத் வந்த தமிழ்க் குடும்பம். விடியக்காலை போவன்பள்ளி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தார். நாங்கள் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "கைக்கு சும்மா நிக்கிறீங்க? என்ன வேணும்?" என்றார். 'கைக்கு' என்றால் அந்த ஊரில் 'ஏன்'. சொன்னோம். கரண்டியால் அடுப்பைக் காட்டினார். "இவ்வளவுதானா? காட்டிக்கோ தம்பி."

செயலாளர் ஓடி வந்தார். "சரோஜாம்மா, அது சாமிக்குப் பொங்கல் வெச்ச அடுப்பு!"

"பொங்கப் பானைய இறக்கியாச்சு சார். இப்ப இது சாம்பார் அடுப்பு. சாம்பாருக்கு ஏது சாமி?"

"அடுத்த வருஷம் உங்களுக்குக் கான்ட்ராக்ட் வேணுமா வேண்டாமா?"

"நக்கோ சார், வேண்டவே வேண்டாம். வேற ஆளப் பாத்துக்குங்க. இன்னிக்கு சாம்பார் வேணுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க." அவர் சொல்லிக்கொண்டே விறகைத் தள்ளிவிட்டுச் செல்லையாவுக்கு இடம் கொடுத்தார்.

செல்லையா பறையைத் தீயின் மேல் படாமல் திருப்பித் திருப்பிக் காட்டினான். விரலால் சுண்டிப் பார்த்தான். தொப் என்றது டப் ஆகி, பிறகு கணீரென்று ஆனது. பறை அடிக்கிற இரண்டு குச்சிகளான சிம்புக்குச்சியையும் அடிக்குச்சியையும் எடுத்துக்கொண்டு நேரே மேடைக்கு நடந்தான்.

நாலு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் பாட்டு நடவுப் பாட்டு. ஸ்டெல்லா இரண்டு வரி பாடியிருப்பாள், என் கிடார் செத்தது. கீபோர்டும் மைக்கும் கூடவே போயின. கரண்ட் போய்விட்டது என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். பந்தலில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மேடை லைன் மட்டும்தான் போயிருந்தது. ஸ்விட்ச் போர்டுக்காரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், செயலாளர் அவன் பக்கத்திலேயே நின்றார்.

நான் ரேடியோ ரிப்பேர்காரன். என் வாத்தியம் கையில் வெறும் கட்டையாகத் தொங்கியது. செல்லையா நிறுத்தவே இல்லை. ஒரு அடி முன்னால் வந்து நின்று இன்னும் ஓங்கி அடித்தான். மைக் இல்லாமல் ஸ்டெல்லா தொண்டை கிழியப் பாடினாள். செயலாளரின் பெண்தான் முதலில் எழுந்து ஆடினாள். பிறகு பிள்ளைகள் கூட்டம், பிறகு ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்த ஆட்கள். பின்னால் சரோஜாக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்குவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அதிசயம்! செயலாளர் மைக்கைப் பிடித்தார். "நம் மண்ணின் வீர இசை! இதை வளர்ப்பது நம் சங்கத்தின் கடமை!" கூச்சம் என்பது கொஞ்சமும் இல்லை. பொன்னாடையை விரித்துக்கொண்டு செல்லையாவிடம் வந்தார். செல்லையா அதைக் கையில் வாங்கி, மெதுவாகப் பறையைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"எனக்குக் குளிரல சார்," என்றான், மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி. "இதுக்குத்தான் காலைலேருந்து குளிருது."

திரும்பும் ரயிலில் அவன் பறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான். இத்தனை வருஷம் கழித்தும் நான்தான் பொருமிக்கொண்டிருக்கிறேன். பொரும வேண்டியதுதான், அந்த மனுஷர் ஆல்பத்தில் எங்களோடு எடுத்த போட்டோ பெருமையாக ஒட்டப்பட்டிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

இப்போது கிளம்புகிறவர்களுக்கு. ரயிலே வசதி, ஒரு ராத்திரிப் பயணம்தான். தை மாதம் அங்கே நம் ஊரைவிடக் குளிர் அதிகம், உங்களுக்கு ஒன்றும் தோல் வாத்தியத்துக்கு ஒன்றுமாகப் போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறும் முன் கூலியைப் பேசிவிடுங்கள், வாசிக்கச் சொன்னால் வாசித்துக் காட்டுங்கள். நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும் முன் எத்தனை மைக், எத்தனை ஸ்பீக்கர் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் வேறொன்றைக் கேளுங்கள்: பறை காய்ச்ச அடுப்பு எங்கே? இடம் காட்டினால் டிக்கெட் போடுங்கள். ரூல்ஸ் பேசினால், அவர்கள் கேட்டு ஆடிய உங்கள் கேசட்டை முதலில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.