கோழிக்கும் நாய்க்கும் ஒரே சொல்

நாங்கள் வேங்கிக்காலுக்குக் குடிவந்தபோது அங்கே பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான் இருந்தன. மற்ற இடமெல்லாம் கள்ளியும் கருவேலமும். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் டவுனில் ஒரு எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி வீட்டில் கோழி வளர்த்தாள். கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவள் கோழிகளோடு பேசுவாள். நான் யாரோடும் அதிகம் பேசமாட்டேன்.

கள்ளிப் புதரிலிருந்து பட்டப்பகலில் கீரி வரும். ஒரு முறை பதினோரு குஞ்சு பொரித்து, ஒரே வாரத்தில் மூன்றுதான் மிஞ்சியது. அவள் அன்று சோறு தின்னவில்லை. அறுப்பு முடிந்த வயல்களில் செம்மறிக் கிடை போடும் ஆள் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கேட்டு, கண் திறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு செவலை நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தேன். ஆட்டோடு வளர்ந்த நாய் ஆட்டைக் காப்பதுபோல், கோழியோடு வளர்ந்தால் கோழியைக் காக்கும் என்பது என் கணக்கு.

மனைவி குட்டியைப் பார்த்தாள். "கோழிக்கு நாய் காவலா? நல்லா இருக்குது. அடுத்த வாரம் அந்தக் கீரியவே கூட்டிக்கினு வந்து உக்கார வைங்க."

"பழக்கிடலாம்" என்றேன்.

"பழக்குங்க. ஒரு கோழி மேல வாய் வெச்சாலும் அது இங்க இருக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

கோழிக்கூடைக்குப் பக்கத்தில் முளை அடித்துக் குட்டியைக் கட்டினேன். கோழிகளுக்கு நொய் போட்டு, அவை தின்று முடித்த பிறகுதான் குட்டிக்குக் கூழ் ஊற்றுவேன். தாய்க்கோழி அதன் மூக்கில் இரண்டு முறை கொத்தியது. அதற்குப் பிறகு கோழி வந்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். நாலு மாதத்தில் குஞ்சுகள் அதன் முதுகில் ஏறி நின்றன. அது கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்க்கும், உடம்பை அசைக்காது. மில்லிலிருந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கையால் ஒரு காரியம் சரியாக வந்தது அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்தது கீரியை விரட்டப் பழக்குவது. வேலியோரம் கீரி தலை காட்டும்போது நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை நீட்டி, "சூ!" என்று சொல்லிவிட்டு விடுவேன். நாயை ஏவ எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது அதுதான். முதலில் என் முகத்தைப் பார்க்கும். பிறகு கையைப் பார்க்கும். பிறகு பாயும். ஒரு மாதத்தில் "சூ" என்றால் போதும் என்று ஆனது. கீரி வருவது நின்றது. மனைவியே தன் தட்டிலிருந்து அதற்கு ஒரு பிடி சோறு வைத்தாள்.

அந்த வருடம் மல்லாட்டை பிடுங்கும் காலத்தில், கூலிக்கு உடைத்துக் கொடுப்பதற்காக அவள் மூட்டை வாங்கி வாசலில் காயப்போட்டாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். காய்கிற மல்லாட்டையில் கோழிகள் வந்து விழுந்தன. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை ஓங்கி, "சூ! சூ!" என்று அவள் ஓட்டியிருக்கிறாள். நான் மில்லில் இருந்தேன். வந்தபோது பழுப்புக் கோழி வாசலில் செத்துக் கிடந்தது. நாய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டியது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அவளுடைய அண்ணன் வந்திருந்தார். "இன்னா மாப்ள, காவல்காரன் கூலிய அவனே எடுத்துக்கினான் போல?" என்று சிரித்தார். கோழி பிடித்த நாயின் கழுத்தில் அந்தக் கோழியையே கட்டிவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போகாது என்றார். அப்படித்தான் எல்லோரும் செய்வார்கள். அவள் இந்த ஒரு தடவை மட்டும் விடுவதாகச் சொன்னாள். நான்தான் கட்டினேன். மூன்று நாள். நாற்றம் தாங்காமல் நாய் தலையைத் தரையில் வைத்தே கிடந்தது. கூழைத் தொடவில்லை. எதற்கு என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தது. எனக்கும் தெரியவில்லை.

தெரிந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளேயிருந்து வந்து, மல்லாட்டையில் விழுந்த கோழிகளைப் பார்த்துக் கையை நீட்டி, "சூ" என்றாள். படுத்திருந்த நாய் எழுந்தது. என் முகத்தைப் பார்த்தது. பிறகு அவள் கையைப் பார்த்தது. நான் சங்கிலியை எட்டிப் பிடித்துவிட்டேன். நாய் திமிறியது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாய் தப்புச் செய்யவில்லை, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது என்று. ஆனால் கோழியைக் கட்டிய கை என்னுடையது.

"கோழிய ஓட்டும்போது சூன்னு சொல்லாத" என்று மட்டும் சொன்னேன்.

"பின்ன இன்னான்னு சொல்றது? தாயி, கொஞ்சம் நவுந்துக்கோன்னா?"

"வேற எதாச்சும்."

"எட்டு வருசத்துல இன்னிக்குத்தான் எனக்கு ஒன்னு சொல்றீங்க. அதுவும் கோழிக்காக." சிரித்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை. இரண்டு நாள் கையை மட்டும் தட்டி ஓட்டினாள். மூன்றாம் நாள் வாய் பழைய வழிக்கே வந்துவிட்டது. நாயை வேறு சொல்லுக்கு மாற்றப் பார்த்தேன். "புடி" என்றேன், "ஓடு" என்றேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. கட்டியே வைத்தேன். கட்டிய நாயைப் பார்த்துக் கீரி திரும்ப வரத் தொடங்கியது.

அவள் அவிழ்த்துவிடச் சொன்னாள். அவிழ்த்தேன். அடுத்த நாள் பக்கத்து வீட்டம்மா தன் முற்றத்தில் தன் கோழிகளை ஓட்டினாள். அவள் என்ன சொல்லி ஓட்டுவாள்? ஊர் முழுக்க அதே சொல்தான். நாய் வேலி தாண்டிப் போய் இரண்டைக் கடித்துப் போட்டது. அந்தம்மா தெருவில் நின்று கத்தினாள். என் மனைவி எங்கள் கோழியிலேயே இரண்டைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு என்னிடம், "சொன்னனா இல்லியா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அவளுடைய அண்ணன் வந்து நாயைக் கூட்டிப் போனார். பன்றி வருகிற மல்லாட்டைக் கொல்லைக்கு நாய் வேண்டுமாம். சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்து, நாயை உட்கார வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

"எதுனா பழக்கி வெச்சிருக்கியா மாப்ள? இன்னா சொன்னா கேக்கும்?"

"ஒன்னும் பழக்கல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நாய் என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். மனைவிக்குக் காய்ச்சல், வரவில்லை. பம்பு செட் பக்கத்தில் நாங்கள் போட்ட சங்கிலி மட்டும் கிடந்தது.

"நல்ல நாய்தான் மாப்ள. வந்த அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டேன், சூன்னா போதும், அம்பு மாதிரி பாயும். ஒன்னும் பழக்கலன்ன? ஆனா கோழியத் தொட்டுடுச்சி. அம்மா ஓட்டிக்கினு இருந்தாங்க, கண்ணு முன்னாடியே. ஆளுங்க அடிச்சிட்டாங்க. ஒரே அடிதான்."

சொல்ல வேண்டியதைச் சொல்ல அங்கேயும் இடம் இருந்தது. எல்லோரும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

காய்ச்சலோடு அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நாயப் பாத்தீங்களா? எப்பிடி இருக்குது?"

"இருக்குது" என்றேன்.

"மெலிஞ்சி கிலிஞ்சி போய்டுச்சா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. கோழிகள் வந்திருந்தன. அவளால் எழ முடியவில்லை. "கொஞ்சம் ஓட்டிவிடுங்க" என்றாள். நான் வாசலில் போய் நின்றேன். அவை தின்றுகொண்டிருந்தன. அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.