முதல் பாகம் மட்டும் தரும் அப்துல் வாஹித்

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார் அப்துல் வாஹித். பிறகு தோல் வெட்டும் கத்தியால் ஒரே இழுப்பு. புத்தகம் இரண்டு. கைப்பையானாலும் சரி, கதைப் புத்தகமானாலும் சரி, அவர் கத்தி இரண்டாம் தடவை இறங்கியதாக வரலாறே கிடையாது.

தாராவி தொண்ணூறடி சாலையை ஒட்டிய சந்தில் அவருடைய தோல் பைப் பட்டறை. மேலப்பாளையத்தில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டுவிட்டு வந்தவர். யாரோ ஒருவரின் பட்டறையைக் கூட்டிப் பெருக்கி அங்கேயே படுத்துக் கிடந்தவர், இன்று ஒரு வரிசைத் தையல் மெஷினுக்குச் சொந்தக்காரர். "எனக்கு ஒருத்தனும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. தமிழ் எழுத்து மறந்துறக் கூடாதேன்னு பொட்டலம் கட்டுன காயிதத்தையெல்லாம் படிச்சேன்." காலில் கிடக்கும் செருப்பும் அவர் தைத்ததுதான். புதிதாக யார் வந்தாலும் அதைக் கழற்றிக் காட்டாமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டார். "கம்பெனிக்காரன் இப்படி ஒரு தையல் போடட்டும், நான் தொழிலையே விட்டுருதேன்." காட்டி முடித்ததும் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வார். பள்ளிவாசலுக்கு வெளியே அவரை வெறுங்காலோடு பார்த்தவர்கள் கிடையாது.

செம்பூரிலும் முலுண்டிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராத வீடுகள் நிறைய. அங்கிருந்து பழைய பேப்பரோடு வெளியேறும் புத்தகங்கள் இவரிடம் வந்து சேரும். பேர்போன புத்தகங்களைத் தொட மாட்டார். "அதுக்கெல்லாம் ஆள் இருக்கு. ஒருத்தனும் சீண்டாததக் கொண்டா." கப்பல் சமையல்காரர் ஒருவரின் நினைவுகள், மூட்டைப்பூச்சியைப் பற்றி மட்டுமே ஒரு டாக்டர் எழுதிய தடிப்புத்தகம், யாரென்று தெரியாத ஒரு பெண்மணியின் துப்பறியும் நாவல், உப்பளத்துப் பேய்க்கதைகள். எல்லாவற்றையும் முதலில் தானே எழுத்துக்கூட்டிப் படிப்பார். படிப்பவருக்கு எங்கே மூச்சு நிற்கும் என்று கண்டுபிடித்து, சரியாக அங்கே வெட்டுவார். பை தைத்து மிஞ்சிய தோலில் இரண்டுக்கும் அட்டை போடுவார். ஒன்று ரோஸ் நிறத்தில் இருக்கும், ஒன்றில் பாம்புத்தோல் அச்சு இருக்கும். கொடுப்பது முதல் பாகம் மட்டும்.

"ஹார்பர் லைன் ரயில்ல ஒரு கை கம்பியப் பிடிக்கணும்லா? மறு கை எம்புட்டு கனம் தாங்கும்? அம்புட்டுதான் குடுக்கேன்" என்பது வெளியே சொல்லும் காரணம். இரண்டாம் பாகம் கேட்டு வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் என்பது பட்டறைக்கே தெரியும்.

மாட்டுங்கா சுப்ரமணியன், இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஜிப் மாற்ற வந்த இடத்தில் கொதித்துப்போனார். "என்ன பாய் இது, புஸ்தகத்தைப் போய் யாராவது வெட்டுவாளா?"

"தோல வெட்டாம பை தைக்க முடியுமா சார்? இந்தாங்க, கப்பல் சமையல்காரன். மொதல்ல கொஞ்ச நேரம் வெங்காயமா உரிச்சுக்கிட்டிருப்பான். பொறுத்துக்கிடுங்க."

அந்த வாரமே சுப்ரமணியன் டாக்ஸி பிடித்து வந்து நின்றார். "அந்தக் கேப்டன் அதைச் சாப்பிட்டானா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்கோ, தூக்கம் வரலை."

சுனாபட்டியிலிருந்து வேலைக்குப் போகும் நர்ஸ் ஜுவைரியா, ரயிலில் நின்றபடியே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "சாச்சா, மூட்டைப்பூச்சி ரெண்டாவத வேற யாருக்கும் குடுத்துறாதிய." அதைப் பட்டறை முழுக்கக் கேட்கும்படி திரும்பத் திரும்ப ஓடவிட்டார் வாஹித். "என் கையால மொதப் பாகம் வாங்கிட்டு ரெண்டாவது கேக்காத ஆள் பம்பாயிலேயே கிடையாது. ஏக்தம் பக்கா."

அப்போது கட்டிங் மேசையிலிருந்து காசிமின் குரல் வரும். பட்டறையின் மூத்த கைக்காரர் அவர். தலையைக்கூடத் தூக்க மாட்டார். "மைனி கேட்டாகளாண்ணே?"

வாஹித்தின் வாய் மூடுகிற ஒரே இடம் அது. மனைவி ரஷீதா ஒன்பதாவது வரை படித்தவர், அவரைவிட வேகமாக வாசிப்பவர். எந்த முதல் பாகத்தைக் கொடுத்தாலும் வாசித்து முடித்து ஒழுங்காகத் திருப்பித் தருவார். இரண்டாவதை இன்றுவரை கேட்டதில்லை. ஊரே தலையாட்டினாலும் ரஷீதா ஒரு தடவை கை நீட்டாமல் தன் பெருமை முழுசாகாது என்று வாஹித்துக்குத் தெரியும். துப்பறியும் நாவலைக் கொடுத்துவிட்டுப் பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டார். "கொலகாரன் யாருன்னு தெரிய வேண்டாமா உனக்கு?"

"குடுக்கும்போதே நல்லாருக்கு நல்லாருக்குன்னு மூஞ்சில எழுதி ஒட்டிட்டு நிக்கிய. பொறவு நானாக் கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

வாஹித்தே கைவிட்ட புத்தகம் ஒன்று உண்டு. கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்த ஒருவர் எழுதியது. காற்று தெற்கே, காற்று வடக்கே, எண்ணெய் இவ்வளவு. சில பக்கங்களுக்கு மேல் அவரால் தாண்ட முடியவில்லை. மூச்சு நிற்கும் இடமெல்லாம் தேடாமல், கோபத்தில் தடிமனைப் பார்த்து நடுவில் ஓர் இழுப்பு இழுத்தார். முன்பாதி வீட்டு பீரோவின் காலுக்கு முட்டு. பின்பாதி பட்டறையில் காசிமின் மேசைக்காலுக்கு.

இந்த மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. பீரோவை நகர்த்திய ரஷீதா, ஊறிப்போன அந்தப் பாதியை எடுத்து ஃபேனுக்கு அடியில் வைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தினார். ஒவ்வொரு பக்கமும் உலர உலர வாசித்தார். மதியம் வாஹித் சாப்பிட வந்தபோது தட்டு கூட வைத்திருக்கவில்லை.

"ஏங்க, புயல்ல வெளக்கு சுத்துத மெசின் நின்னுபோச்சு. கப்பல் ஒண்ணு வந்துக்கிட்டு இருக்கு. இந்த மனுசன் கையாலயே வெளக்கச் சுத்திக்கிட்டு நிக்கான். விடிஞ்சுதா, இல்லையா?"

எத்தனையோ புத்தகங்களின் முடிவை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கும் மனிதருக்கு இது தெரியவில்லை.

"படிக்காமலா பீரோவுக்குக் குடுத்திய?" ரஷீதா சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை மட்டும் நீட்டினார். "ரெண்டாவது எங்க?"

சாப்பிடாமலே பட்டறைக்குத் திரும்பினார் வாஹித். "காசிம், மேசையத் தூக்கு."

"என்னண்ணே அவசரம்? யாரு கேட்டா?"

"உன் மைனிதாம்லே கேட்டா." சந்தின் கடைசிக் கடை வரை கேட்டிருக்கும்.

காசிம் ஒரு பக்கம் தூக்க, வாஹித் குனிந்து பாதியை உருவினார். ஓரமெல்லாம் கறுத்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. சட்டை நுனியால் துடைத்தார். மேசையைக் கீழே விட்டதும் அது ஒருபக்கம் சரிந்தது.

"ஆடுதேண்ணே. செம்பூர் ஆர்டர எப்படி வெட்டுதது?"

வாஹித் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றி, மேசைக்காலுக்கு அடியில் செருகி அழுத்தினார். மேசை அசையாமல் நின்றது. ஒற்றைச் செருப்போடு சந்தின் சகதியில் இறங்கி, கடைக்காரர்கள் எல்லோரும் பார்க்கும்படி புத்தகத்தைத் தோளுக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.