ஊசிக்குப் பிறகு எடுத்த ரத்தம்

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பித்ததும் முதலில் நின்றது மாதவிலக்குதான். குரல் உடைந்ததும் மீசை அரும்பியதும் அதற்குப் பிறகு. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ வந்த எனக்கு, மீசையைவிட அது நின்றதே பெரிது. மற்ற ஆண்களுக்கு இது விளங்காது. விளங்காவிட்டால் போகட்டும்.

செஞ்சியில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி. அவ்வப்போது ஹார்மோன் அளவைப் பார்க்கச் சொல்வார் புதுச்சேரி டாக்டர். இங்கே லேபில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு டெஸ்ட் காசில் மூன்று ஊசி வாங்கலாம். ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் மலிவு. அதை ஒழுங்காக எடுத்துவந்தேன். மற்றது எதற்கு, உடம்புதான் சொல்கிறதே என்று தள்ளிப்போட்டேன். டாக்டர் விடவில்லை. "அடுத்த ஊசிக்கு முன்னாடி ரத்தம் குடுத்துடுங்க" என்றார்.

அந்த ஊசி நாள் அமாவாசையில் வந்து விழுந்தது. எங்களுக்கு மேல்மலையனூர் அம்மன்தான் குலதெய்வம். ஊரே ஸ்பெஷல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்.

"அமாவாசையன்னிக்கு யாராச்சும் ரத்தம் குடுப்பாங்களா? ஊசிய வேணா போட்டுக்கோ தம்பி, ரத்தத்த அப்பறமா குடு" என்றாள் அம்மா.

'பாப்பா' போய் 'தம்பி' என்று அந்த வாயில் வரவே வருஷக்கணக்காயிற்று. அப்படிக் கூப்பிட்டுச் சொன்னால் நான் எதற்குத்தான் தலையாட்ட மாட்டேன்? ஊசியைப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ரத்தம் கொடுத்தேன்.

வயிறு முட்டத் தின்றவனிடம் பசிக்கிறதா என்று கேட்ட கதைதான். ஊசி போட்ட கையோடு எடுத்தால் அளவு உச்சத்தில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பினேன். ஊசி என்றைக்குப் போட்டது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, டோஸ பாதியாக் குறைச்சிடுங்க" என்று பதில் வந்தது. அவ்வளவு காசு கொட்டி எடுத்த டெஸ்ட் பொய்யா சொல்லும் என்று குறைத்தேன்.

சில மாதங்களில் ஒரு மத்தியானம், கடையில் டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருந்தபோது அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அந்த வலி எனக்குத் தெரிந்த வலி. பாத்ரூமில் போய்ப் பார்த்தேன். கறை. பிறகு இந்த மீசையோடு மெடிக்கலுக்குப் போய், "வூட்ல கேட்டாங்க" என்று சொல்லி நாப்கின் வாங்கினேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். "ஊசி போட்டு ரெண்டு நாள்லயா எடுத்தீங்க? அப்ப அந்த ரிப்போர்ட்டே செல்லாதுங்க. பழைய டோஸே போடுங்க. அடுத்த தடவ கரெக்டா எடுத்துடுங்க" என்றார். செல்லாதாம். அதை வைத்துத்தானே என் மருந்தைக் குறைத்தார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு "சரிங்க டாக்டர்" என்றேன்.

மறுநாள் அமாவாசை. ஊசி ஆரம்பித்த காலத்திலிருந்து நைனாவோடு தேங்காய்க் கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது நான்தான். மகன் செய்யும் வேலை அது. ஊர்க்காரர்கள் பார்த்திருக்க, நைனா என் தோளில் கூடையை ஏற்றிவிடுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அமாவாசைக்குக் காத்திருப்பேன்.

பேப்பரில் சுற்றிக் கொல்லையில் போட்டிருந்ததை அம்மா காலையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

நைனா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "தம்பி கெளம்பலியா? பஸ் வந்துடும்" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "அவ வூட்டுக்குத் தூரம். கோயிலுக்கு ஆவாது" என்றாள்.

கூடையை நைனாவே தூக்கிக்கொண்டார்.