கவிழ்த்துக் காட்டிய தயிர்

மூதூரில் ரபீக்கா உறைய வைக்கும் எருமைத் தயிரைக் கத்தியால் அறுக்கலாம் என்பார்கள். எழுபத்தொன்பதாம் ஆண்டில் அரசாங்கத் திட்டமொன்றில் அவளுக்கு இரண்டு எருமைகள் கிடைத்தன. நிபந்தனை ஒன்றுதான்: தயிர் பட்டணத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் எருமைகள் வேறு ஆளுக்கு. அன்றிலிருந்து அவளும் சட்டிகளும் காலை லோஞ்சுப் படகில் திருகோணமலைக்குப் போய் வந்தார்கள்.

எண்பத்தொன்றில் அங்கே இறங்குதுறையில் கடற்படைக் காவல் போட்டார்கள். நேவிக்காரன் ஒருவன் ஒவ்வொரு சட்டியிலும் கம்பை விட்டுக் கிண்டினான். கிண்டிய தயிர் தண்ணீர் விட்டது.

“இதை மோர் எண்டு சொல்லியோ விக்கிறது, பிள்ளை?” என்று கடைக்காரர் பாக்கியரத்தினம் திருப்பிக் கொடுத்தார்.

எருமைகள் போய்விடும் என்ற பயத்தை விட அவளை அரித்தது வேறு. தயிருக்குள் எதை ஒளிக்கலாம்?

“எருமைர கோவத்தத்தான்,” என்றான் புருஷன் ஜெமீல்.

மறுநாள் நேவிக்காரனிடமே, மகனிடம் கேட்பதுபோலக் கேட்டாள். “என்னத்தத் தேடுறீங்க, மனே?”

“தெரியாது அக்கா. தேடச் சொன்னது.”

“அப்ப, கண்டா எப்பிடித் தெரியும்?”

அவன் யோசித்தான். அதுவும் தெரியவில்லை.

ரபீக்கா ஒரு சட்டியை எடுத்து அவனுடைய சப்பாத்துக் கால்களுக்கு மேலே கவிழ்த்தாள். அவன் துள்ளிப் பின்வாங்கினான். தயிர் அசையவில்லை.

“உள்ளுக்குப் பாரமா ஏதும் கிடந்தா இது நிக்குமா?”

அவன் சிரித்துவிட்டான். அதன் பிறகு கம்பு இல்லை. அவள் கவிழ்த்துக் காட்டுவாள், அவன் தலையாட்டுவான். லோஞ்சுக்காரர் ஆதம்பாவா பின்னால் நின்று, “இண்டைக்கு விழும் பாருங்க!” என்று கத்துவார். கடைக்குத் தயிர் முழுசாய்ப் போனது.

மாரி மழை தொடங்கியது. குளிரில் ஒரு சட்டி சரியாக உறையவில்லை. அவள் கவிழ்த்ததும் தொபுக்கென்று அவன் சப்பாத்தில் விழுந்து துறைப் பலகையில் பரவியது. ஆதம்பாவா இரண்டடி பின்னால் போனார். ரபீக்கா மற்றச் சட்டிகளைப் பார்த்தாள். எருமைகள் நினைவுக்கு வந்தன.

நேவிக்காரன் குந்தி, மூலையில் கிடந்த பழைய கம்பை எடுத்துத் தயிரை விலக்கி விலக்கிப் பார்த்தான். அவளும் குனிந்தாள். இத்தனை நாளாய்த் தேடியது இருந்தால் இப்போது தெரிந்துவிடும். வெள்ளை, அதற்குக் கீழே பலகை.

“ஒண்டும் இல்ல அக்கா.” எதையோ பறிகொடுத்தவன் போலச் சொன்னான்.

“ஓம் மனே.”

மற்றச் சட்டிகளைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. போகலாம் என்று கை காட்டினான். அவள் சட்டிகளைச் சரியாமல் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் நடந்தாள். வளைவில் திரும்பிப் பார்த்தபோது, அவன் இன்னும் கிண்டிக்கொண்டிருந்தான்.