ஆட்டுத்தலை அட்டைப்படம்

போட்டோஸ்டாட் மிஷினிலிருந்து வெளியே வரும் காகிதத்துக்கு ஒரு சூடு உண்டு. கேமரன் மலையின் ஞாயிற்றுக்கிழமைக் குளிரில், விரல் மரத்துப்போன இரண்டு பையன்கள் அந்தச் சூட்டைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, மையின் கருகல் வாசத்தை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு, தாங்கள் ஏதோ பெரிய காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் நான். இன்னொருவன் குணசீலன். அந்தக் காரியத்துக்கான தண்டனையை அவன் மட்டுமே அனுபவித்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்து உங்களை உருக்குகிற யோக்கியதை எனக்கில்லை.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தின் கிராணி. ஆபீஸ் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில். தோட்டத்தில் யாருக்கு மலாயில் ஒரு கடிதம் வேண்டுமென்றாலும், பிறப்புச் சூரா என்கிற பிறப்புச் சான்றிதழ் தொலைந்தாலும், ஆஸ்பத்திரிக்கு மனு போடவேண்டுமென்றாலும், எங்கள் வீட்டுப் பின்வாசலில்தான் வந்து நிற்பார்கள். குணாவின் அப்பா பெருமாள் மருந்து அடிக்கும் தொழிலாளி. தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லயத்தில் கடைசி வீடு. வருஷத்துக்கு ஒருமுறை முனியாண்டி பூசையில் ஆடு வெட்டுவதும் அவர்தான். என் அப்பா நல்லவர் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாம் படிவத்தில் படிக்கும்போது, ஈப்போவிலிருந்து வந்த குணாவின் மாமன் மகன் ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போனான். பத்துக் கை மாறிப் பதிவான கேசட். அதில் பாடியவன் பாடினானா, தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டு அலறினானா என்று தெரியாது. அடியில் மத்தளம் மாதிரி இல்லாமல், பிரேக் பிடிக்காத லோரி ரிங்லெட் வளைவில் இறங்குகிற மாதிரி ஒரு ஓசை. லயத்தில் அதற்குப் "பேய்க்கத்து" என்று பெயர் வைத்தார்கள். "பன்னி அறுக்கிற சத்தத்தப் போயி காசு குடுத்துக் கேக்குதுங்க" என்றார் குணாவின் அம்மா. குணாவுக்கு அந்தக் கத்தல் ஏன் பிடித்தது என்று எனக்கு இப்போது புரிகிறது. மேனேஜர் துரையின் கார் வந்தால் தன் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். எனக்கு என்ன கோபம்? எங்கள் வீட்டில் குளிக்கச் சுடுதண்ணீர் குழாயில் வந்தது. என்னுடையது இரவல் கோபம்.

அந்தக் கேசட் உறைகளின் பின்னால் முகவரிகள் இருக்கும். பினாங்கு, ஜொகூர், கூச்சிங் என்று எங்கெங்கோ இருந்த பையன்கள் தாங்களே எழுதி, வரைந்து, நகலெடுத்து, நடுவில் ஸ்டேப்பிள் அடித்துத் தபாலில் அனுப்பிக்கொள்ளும் குட்டிப் பத்திரிகைகள் அப்படித்தான் எங்களுக்கு வந்தன. கடையில் கிடைக்காது, பெற்றோருக்குத் தெரியாது. தபால்தலையின் மேல் லேசாகச் சோப்புத் தடவி அனுப்புவார்கள். முத்திரையைக் கழுவிவிட்டு நாம் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். "நாமளும் ஒண்ணு போடலாம்லா" என்று குணாதான் சொன்னான். பெயரும் அவன் வைத்ததுதான்: "கருங்குருதி". இசைக்குழுக்களின் பெயர்களை, பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடியின் வேர்போல அவன் பின்னிப் பின்னி எழுதுவான். ஒரு எழுத்தை வரைய ஒரு சாயங்காலம் ஆகும். நான் கேசட் விமர்சனம் எழுதினேன். பாதித் தமிழ், பாதி மலாய், நிறையத் திமிர்.

நகலெடுக்கத் தோட்டத்து ஆபீஸ் மிஷின் இருந்தது. ஞாயிறு மதியம் அப்பா சாப்பிட்டுத் தூங்கும்போது, சமையலறை ஆணியில் தொங்கும் சாவியை நான் எடுத்துக்கொண்டு போவேன். ஆனால் பத்திரிகைக்கு முகவரி வேண்டுமே. தோட்டத்துக் கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பவர் அப்பா. என் பெயருக்கு மண்டையோடு வரைந்த உறை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அதனால் ஆசிரியர் என்று குணசீலனின் பெயரும் முகவரியும் போயின. நான் "கபாலன்" என்ற புனைபெயருக்குள் புகுந்துகொண்டேன். அவன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டான். "என் பேரு கூச்சிங் வரைக்கும் போவுதுடா" என்றான். நான் சிரித்துவைத்தேன்.

மூன்றாவது இதழ் தயாரான சமயம் நாங்கள் ஐந்தாம் படிவம், அரசாங்கப் பரீட்சை எழுதும் வருஷம். அட்டையை நகலெடுக்கவேண்டிய ஞாயிறு முனியாண்டி பூசை. ஆடு வெட்டியவருக்குத் தலை என்பது தோட்டத்து வழக்கம். பெருமாள் அந்தத் தலையை அலுமினியச் சட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்களுக்கு வந்த வெளிப் பத்திரிகைகளில் எல்லாம் ஆட்டுத்தலையாக வரைந்திருப்பார்கள், அதுதான் அந்த இசைக்காரர்களின் அடையாளம். குணா சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அவனுங்க எல்லாம் வரையுறானுங்க. நம்மகிட்ட அசலே இருக்கு." துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினோம். கண்ணாடியின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, தலையைப் பக்கவாட்டில் வைத்து, மூடியை மூட முடியாமல் நான் சட்டையைக் கழற்றி மேலே போர்த்தினேன். கொம்பும் திறந்த கண்ணும் நெற்றியில் பூசிய மஞ்சளும் கறுப்பு வெள்ளையில் அப்படியே விழுந்தன. "சீக்கிரம்டா, அம்மா மசாலா அரைச்சிட்டு இருக்கு" என்று அவசரப்படுத்திக்கொண்டே அவனும் சிரித்தான். அவ்வளவு சிரிப்பு அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை. அன்று மாலை அந்தத் தலைக்கறியை அவர்கள் வீட்டில் நானும் சாப்பிட்டேன்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று வெளியே நடந்துகொண்டிருந்தது. இந்த இசையைக் கேட்கும் கறுப்புச் சட்டைப் பையன்கள் ஆட்டு ரத்தம் குடிக்கிறார்கள், பிசாசைக் கும்பிடுகிறார்கள் என்று நாளிதழ்கள் எழுத ஆரம்பித்திருந்தன. பள்ளிகளில் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். எங்கள் பள்ளியில் சோதித்தபோது குணாவின் பையில் இருபது பிரதிகள் இருந்தன. அட்டையில் ஆட்டுத்தலை, உள்ளே அவன் பெயர், முழு முகவரி. என் பையில் கணிதப் புத்தகம் இருந்தது.

கட்டொழுங்கு ஆசிரியர் அவனை எங்கள் வகுப்பு வாசலில் நிற்கவைத்தே விசாரித்தார். இந்த ஆடு எங்கிருந்து வந்தது? குணாவின் மலாய் தட்டுத் தடுமாறும். சாமிக்கு வெட்டியது, எங்கள் அப்பாதான் வெட்டினார், பிறகு நாங்கள் சாப்பிட்டோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அந்த ஆசிரியர் எழுதிக்கொண்டார். நாங்கள் வெகுளித்தனமாகப் பூசை என்று நினைத்தது, அவர் காகிதத்தில் பலி என்று போயிற்று. எனக்கு மலாய் நன்றாக வரும். எழுந்து நான்கு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கபாலன் யார் என்று கேட்டார். குணா என் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டு பேரும் நான்தான் சார்" என்றான்.

மறுநாள் சாயங்காலம் பெருமாள் எங்கள் பின்வாசலுக்கு வந்தார். "கிராணி அய்யா, இது முனியாண்டி பூசை ஆடுன்னு ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. பையன் பரீட்ச எழுதணும். நீங்க எழுதுனா கேப்பாங்க." உண்மைதான், அப்பா எழுதினால் கேட்டிருப்பார்கள். "எழுதுறேன், நீ போ" என்றார் அப்பா. அவர் எழுதவில்லை. அதற்குள் அவர் மிஷினைத் திறந்து பார்த்திருந்தார். கண்ணாடி ஓரத்தில் ஆட்டுமயிர் ஒட்டியிருந்தது, சாவி யார் கைக்கு எட்டும் என்பதும் அவருக்குத் தெரியும். கடிதம் போனால் கேள்வி ஆபீசுக்கு வரும், ஆபீசுக்கு வந்தால் வீட்டுக்கு வரும். என்னைக் கூப்பிட்டு, "வாய மூடிக்கிட்டு இரு. ஒனக்குப் பரீட்ச இருக்கு" என்றார். நகலெடுத்தது தோட்டத்து ஆபீசில்தான் என்று பள்ளியிலிருந்து எப்படியும் செய்தி வந்துவிட்டது; குணா உள்ளே எப்படி நுழைந்தான் என்று மேனேஜர் கேட்டதற்கு, அப்பா பின் சன்னல் தாழ்ப்பாள் கொஞ்ச நாளாகச் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. இரவுச் சாப்பாட்டில் அவர் அதை அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னபோது நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

குணாவைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். சன்னல் ஏறித் திருடப் பார்த்த பையனை வைத்துக்கொண்டு லயத்தில் இருக்க முடியாது என்று மேனேஜர் சொல்ல, பெருமாளுக்கு வேலையோடு வீடும் போயிற்று. ஒரு காய்கறி லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கோலா தெர்லாவின் காய்கறித் தோட்டங்களுக்குப் போனார்கள். லோரி கிளம்பும்போது நான் ஆபீஸ் படியில் நின்றேன். குணாவின் அம்மா என்னைப் பார்த்து, "பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நல்லா படி தம்பி" என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார். நன்றாகத்தான் படித்தேன்.

அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. கீழ் லயத்தில் இப்போது வங்காளதேசத்து ஆட்கள் இருக்கிறார்கள். ஆபீசுக்குத் தபால் பை வருவதில்லை. கடிதம் எழுதித் தரச் சொல்லிப் பின்வாசலில் நிற்பவர் யாருமில்லை. நான் இதே மலையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற ஆண்டு கோலாலம்பூர்ப் பையன் ஒருவன் பழைய இதழ்களைச் சேகரிப்பவனாம், "கருங்குருதி"யின் ஆசிரியர் குணசீலனைத் தெரியுமா, மறுபடி அச்சிட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு எப்படியோ என்னிடம் வந்தான். அந்தச் சாக்கில்தான் நான் கோலா தெர்லாவுக்குப் போனேன். கோலா தெர்லா என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். எனக்கு அங்கே போய்ச் சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே குணா கோஸ் அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க சார்" என்றான். அவன் வாயிலிருந்து "டேய்" என்றுதான் எதிர்பார்த்தேன், அல்லது அதைவிட மோசமான ஒன்றை. நான் வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்: சாவி, சன்னல் தாழ்ப்பாள், எழுதாத கடிதம், எல்லாம். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, "அதெல்லாம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்" என்றான். அவன் கண் என்னை விட்டு விலகவில்லை. அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

"என்னை ஏன்டா சார்ங்கற" என்றேன்.

"மக இந்த வருஷம் ஒங்க கிளாசுக்கு வந்திருக்கு. செல்வராணி. பின்னாடி உக்காருமாம்." ஒரு கோஸைக் கையில் எடுத்துப் பார்த்து, கூடையில் வைத்தான். "அது பரீட்ச எழுதணும் சார்."

பின்வரிசையில் உட்காரும் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், யார் மகள் என்று கேட்டதில்லை. அவன் என் சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், அதற்காகத்தான் போனேன். மகள் என் வகுப்பில் இருக்கிறாள் என்பதால், அவன் வரப்பு முனைவரை வந்து, என் கார் திரும்புவதற்குத் தோதாகக் கூடைகளைத் தள்ளி வைத்து, கைகூப்பி வழியனுப்பினான்.