அடித்தொண்டையில் ஒரு வேலை

எங்கள் மாமா துபாயில் ஏழு வருடம் "டும் டும்" என்று பாடியே பிழைத்தார். கேலி செய்யவில்லை. ஒரு ஹோட்டலில், பழைய அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாட்டுகளைப் பாட நாலு ஆண்கள் கொண்ட குழு ஒன்று இருந்தது. மூன்று பேர் காதலில் உருகுவார்கள். மாமா சிவப்புக் கோட்டுக்குள் நின்று அடித்தொண்டையில் தாளம் போடுவார். விசாவில் மட்டும் அவர் வெயிட்டர்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஹோட்டல் அவரை நிறுத்த முடிவு செய்தது. குழுவின் பெயரும் கோட்டுகளும் ஹோட்டலுக்குச் சொந்தம். ஆட்கள்தான் மாறுவார்கள். புதிதாக வருபவர் பாட்டுகளைப் பழகி முடிக்கும்வரை மாமாவுக்கு விசா இருக்கும். அதற்குள் வேறு ஹோட்டல் ஏதாவது கூப்பிடும், ஆகவே அவசரப்படாமல் ஆறுதலாகப் பழக்கு என்பது அம்மாவின் யோசனை. இதில் ஒன்றையும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமாவின் இடத்துக்கு எடுத்த பிலிப்பைன்ஸ் இளைஞர், துபாய் சத்வாவிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா இரண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவதில் சோபாவில் சாய்ந்துவிட்டார்.

"எனக்குக் களைச்சுப் போச்சு. நீ சொல்லிக்குடு பிள்ளை."

மாமா எங்கள் வீட்டில் பாடிப் பாடி எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். ஆங்கிலமும் அவரைவிட எனக்கு நன்றாக வரும். கோடு போடும் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு டீச்சராகிவிட்டேன். பிழைவிட்ட இடத்தையெல்லாம் அந்த மனிதரைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தேன்.

அம்மா சமையலை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்தார். "இண்டைக்கு இவ்வளவும் காணும். என்ன அவசரம் உனக்கு?"

"விடுங்கோ அக்கா. எத்தினை நாளைக்கு இழுக்கிறது?" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

தேநீர் நேரத்துக்குள் பதினொரு பாட்டும் முடிந்தன. நான் மாமாவிடம் ஓடினேன்.

"உங்களைவிட வடிவாப் பாடுறார் மாமா! நான்தானே பழக்கினனான்!"

"ஓம்," என்றார். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு பேர் குழு ஐந்து பேராகிறது என்றுதான் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கிழமை கழித்து விமான நிலையத்தில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, லீவு முடிந்ததும் கெதியாக வாருங்கள், நான் பழக்கிய ஆளுக்குப் பக்கத்தில் நின்று பாட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.